காறை எலும்பு

கழுத்தை ஒட்டி அணியும் வளையம் போன்ற அணிகலனுக்குக் காறை என்று பெயர். அது படியும் இடத்தில், கழுத்தின் இருபுறமும் தோலுக்கு அடியில் குறுக்காக அமைந்தவை காறை எலும்புகள். பெரியவர்களுக்கு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15 செ.மீ. நீளம் இருக்கும்.

காறை எலும்பின் ஒரு முனை மார்பெலும்போடும், மறுமுனை தோள்பட்டை எலும்போடும் இணைந்துள்ளது. கையை மார்புக்கூட்டோடு இணைக்கும் எலும்புப் பாலம் இது ஒன்றே. முட்டுக்கோல் போல நின்று தோளை விலக்கி நிறுத்துவதால், கையை உயர்த்தவும் பந்தை எறியவும் எளிதாகிறது.

இயல்பான மூச்சில் உதரவிதானமே பெரும்பணி செய்கிறது. மூச்சுத்திணறலின்போது கழுத்துத் தசைகளும் துணைக்கு வந்து மார்புக்கூட்டை மேலே இழுக்கின்றன. அப்போது மூச்சை இழுக்குந்தோறும் காறை எலும்புக்கு மேலுள்ள பள்ளம் உட்குழியும். இஃது ஆபத்தின் அறிகுறி. உடனே மருத்துவரை நாட வேண்டும்.

மிதிவண்டியிலிருந்தோ கபடிக் களத்திலோ தோள் தரையில் மோத விழுந்தால், காறை எலும்பு முறியக்கூடும். பெரும்பாலும் நடுப்பகுதியே முறிகிறது. வலியும் வீக்கமும் தோன்றும். கையைத் தூக்க இயலாது. அவ்விடத்தை நீவுதல் கூடாது. ஏனெனில், அதன் அடியில் கைக்குச் செல்லும் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் உள்ளன. கையை மடக்கி, துப்பட்டா போன்ற துணியால் கழுத்தோடு தூக்கிக் கட்டி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

சிறுவர்க்குப் பெரும்பாலும் சில வாரங்களில் எலும்பு கூடிவிடும். ஆனால், கண்டிப்புக்கு அஞ்சி விழுந்ததை மறைப்பவருக்கு உரிய மருத்துவம் காலத்தில் கிடைப்பதில்லை.