கேட்பாரற்றவர்களின் சாட்சியம்
ஆஸ்திரேலியப் பெண்களின் குற்றப் புனைவுகள்

கொலை நடந்த இடம் மெல்போர்ன் நகரின் தொலைபேசி இணைப்பகம். செத்துக் கிடப்பவர் அங்கேயே பணிபுரிந்த சாரா காம்ப்டன். அவரை அடித்துக் கொல்லப் பயன்பட்டது 'பட்டின்ஸ்கி'. தொலைபேசித் தடத்தில் ஓடும் பேச்சைக் கேட்டுச் சோதிக்க மெக்கானிக்குகள் கையில் வைத்திருக்கும் கருவி அது. போலீஸ் விசாரணை ஒரு பக்கம் நடக்க, தானும் துப்புத் தேடிப் புறப்படுகிறாள் மேகி பைர்ன்ஸ். நாள் முழுக்க அடுத்தவர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் டெலிபோன் ஆபரேட்டர்.

1948இல் வெளிவந்த 'மர்டர் இன் தி டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்' நாவலின் கதை இது. எழுதிய ஜூன் ரைட்டும் மெல்போர்ன் இணைப்பகத்தில் ஆபரேட்டராக இருந்தவர்தான். ஆறு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே 1966 வரை ஆறு நாவல்களை வெளியிட்டார். பிறகு எழுத்து நின்றது, பெயரும் மறந்துபோனது. பல பத்தாண்டுகள் கழித்தே அந்த நாவல்கள் மறுபதிப்பு கண்டன.

ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துவிடும் பெண்ணுக்கு ஊரின் ரகசியம் தெரியும். ஆனால் அவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. ஆஸ்திரேலியப் பெண்கள் எழுதிய குற்றப் புனைவுகளின் பெரும் பலம் இங்கேதான் இருக்கிறது. யாரும் பொருட்படுத்தாத ஒருவரின் கண்ணையும் காதையும் நம்பி அவை குற்றத்தை அணுகுகின்றன.

முதல் தடம் பதித்தவர்கள்

ஆஸ்திரேலியாவின் துப்பறியும் இலக்கியம் என்றதும் பலர் ஃபெர்கஸ் ஹியூமின் 'தி மிஸ்டரி ஆஃப் எ ஹான்சம் கேப்' நாவலைச் சொல்வார்கள். அது வந்தது 1886இல். அதற்கு இருபத்தோரு ஆண்டுகள் முன்பே, 1865இல், 'ஆஸ்திரேலியன் ஜர்னல்' இதழில் எலன் டேவிட் என்ற ஆசிரியை 'ஃபோர்ஸ் அண்ட் ஃபிராட்' என்ற கொலை மர்ம நாவலைத் தொடராக எழுதிவிட்டார். பணக்காரப் பண்ணையார் ஒருவர் கொல்லப்படுகிறார். பழி, அவர் மகளை நேசிக்கும் ஓவியன்மேல் விழுகிறது. ஆஸ்திரேலியாவின் முதல் கொலை மர்ம நாவலாக இன்று கருதப்படும் இந்தக் கதை, நூறு ஆண்டுகளுக்கும் மேல் பழைய இதழ்களின் பக்கங்களிலேயே கிடந்தது.

அதே இதழில் எழுதிய மேரி ஃபார்ச்சூனின் நிலை இன்னும் கடுமையானது. அயர்லாந்தில் பிறந்து, கனடா வழியாக 1855இல் விக்டோரியாவின் தங்க வயல்களுக்கு வந்து சேர்ந்தவர். குதிரைப்படைப் போலீஸ்காரர் ஒருவரை மணந்ததால் காவல்துறையின் நடைமுறைகளை அருகிலிருந்து அறிந்தார். 'தி டிடெக்டிவ்ஸ் ஆல்பம்' என்ற வரிசையில் 1868 முதல் 1908 வரை 500க்கும் மேற்பட்ட கதைகளை எழுதினார். கூடாரங்களும் சாராயக் கடைகளும் தோண்டிய குழிகளுமாகக் கிடந்த தங்க வயல்களில் அந்தக் கதைகள் பல நடந்தன. நாற்பது ஆண்டுகள் வாசித்தவர்களுக்கு எழுதியவரின் பெயர் தெரியாது. 'வெய்ஃப் வாண்டர்', 'டபிள்யூ. டபிள்யூ.' என்ற புனைபெயர்களே தெரியும். 1911இல் அவர் இறந்தபோது, வாசகர்கள் யாரை இழந்தோம் என்றே அறியவில்லை. ஆய்வாளர் லூசி சசெக்ஸ் பழைய இதழ்களையும் பதிவேடுகளையும் ஆண்டுக்கணக்கில் துருவித்தான் இந்த இருவரின் வாழ்க்கையையும் மீட்டெடுத்தார்.

சுவருக்கு அப்பால்

பெட்ரீஷியா கார்லனின் 'தி விஸ்பரிங் வால்' 1969இல் வெளிவந்தது. பக்கவாதத்தில் விழுந்து பேச்சும் அசைவும் இழந்த மூதாட்டி அதன் நாயகி. இவருக்கு எதுவும் புரியாது என்று நினைத்து எல்லோரும் இவர் முன்னாலேயே எல்லாவற்றையும் பேசுகிறார்கள். கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்கள் தீட்டும் கொலைத் திட்டம் சுவர் வழியாக இவர் காதில் விழுகிறது. எப்படி எச்சரிப்பது? கண் இமைகளைத் தவிர எதுவும் அசையாது. கட்டிலை விட்டு நகராமலேயே இத்தனை பதற்றத்தைக் கார்லன் உருவாக்குகிறார். அவரே பதினோரு வயதிலிருந்து காது கேளாதவர் என்பது, 2002இல் அவர் இறந்த பிறகே வெளியுலகுக்குத் தெரிந்தது.

எம்மா விஸ்கிக்கின் 'ரிசரக்‌ஷன் பே' (2015) நாவலின் துப்பறிவாளன் கேலப் ஸெலிக்குக்கும் காது கேட்காது. உதடுகளையும் முகங்களையும் கூர்ந்து கவனித்தே அவன் உலகைப் படிக்கிறான்; அந்தக் கவனமே அவன் தொழிலுக்கு உதவுகிறது. இதை எழுதுவதற்காக விஸ்கிக் ஆஸ்திரேலியச் சைகை மொழியைக் கற்றுக்கொண்டார்.

கெர்ரி கிரீன்வுட் இலவசச் சட்ட உதவி வழக்கறிஞராகப் பணியாற்றியவர். 1989இல் 'கொகெய்ன் புளூஸ்' வழியாக அவர் அறிமுகப்படுத்திய ஃபிரைனி ஃபிஷர், 1928ஆம் ஆண்டு மெல்போர்னில் தன் விருப்பப்படி வாழும் செல்வந்தப் பெண். பளபளக்கும் உடைகளையும் வேகமான காரையும் பார்த்து இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடக் கூடாது. சட்டவிரோதக் கருக்கலைப்பு செய்பவனிடம் சிக்கிச் சீரழியும் ஏழைப் பெண்களின் கதையும் அதே நாவலில் இருக்கிறது. நீதிமன்றத்தில் வறியவர்களுக்காக நின்றவரின் கோபம் அது.

வறண்ட நிலம்

உலக வாசகர்களின் பார்வையை ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பக்கம் திருப்பியது ஜேன் ஹார்ப்பரின் 'தி டிரை' (2016). மழை பொய்த்து ஆறு வற்றிய கியவாரா என்ற கற்பனை ஊர். மனைவியையும் மகனையும் சுட்டுவிட்டுத் தானும் செத்ததாகச் சொல்லப்படும் விவசாயி. இறுதிச் சடங்குக்கு வரும் இளமைக்கால நண்பன் ஏரன் ஃபால்க், ஊரை விட்டு ஒருகாலத்தில் துரத்தப்பட்டவன். வறட்சி இங்கே வெறும் பின்னணி அல்ல. கடனாகவும் பகையாகவும் வீட்டுக்குள் நுழைந்து மனிதர்களை அரிக்கிறது. இந்நாவல் 2017இல் பிரிட்டனின் 'கோல்டு டேகர்' விருதைப் பெற்றது. எரிக் பானா நடிப்பில் திரைப்படமும் ஆனது.

அந்த நிலத்தின் ஆதிக்குடிகளும் இப்போது இவ்வகையில் எழுதுகிறார்கள். ஜூலி ஜான்சனின் 'மடுக்கா: தி ரிவர் சர்ப்பன்ட்' (2022) நாவலில் காணாமல் போனவரைத் தேடுபவர் நடுவயது கடந்த பழங்குடிப் பெண். அவர் தேடலில் ஆற்று நீரைக் கொள்ளையடிப்பதும் குற்றக் கணக்கில் சேர்கிறது.

1991இல் மெல்போர்னில் உருவான 'சிஸ்டர்ஸ் இன் கிரைம் ஆஸ்திரேலியா' அமைப்பு, ஆஸ்திரேலியப் பெண்கள் எழுதும் சிறந்த குற்ற நூல்களுக்கு 2001 முதல் விருது வழங்கி வருகிறது. விருதுக்கு எலன் டேவிட்டின் பெயரையே வைத்தார்கள். செய்ய வேண்டியதைச் செய்தார்கள்.

இந்த நாவல்களில் கொலையாளி யார் என்பது கடைசி அத்தியாயத்தில் தெரிந்துவிடும். உண்மை தெரிந்தவரிடம் ஏன் யாரும் முன்பே கேட்கவில்லை என்ற கேள்வி அதற்குப் பிறகும் நீடிக்கும். பொழுதுபோக்கு என்று தள்ளிவைக்காமல், இலக்கியமாக மதித்துப் படிக்க வேண்டிய எழுத்து இது. புதிதாகத் தொடங்குபவர்கள் 'தி டிரை' நாவலைக் கையில் எடுங்கள். முடித்ததும் ஜூன் ரைட்டையும் பெட்ரீஷியா கார்லனையும் தேடிப் படியுங்கள்.