கிராமமே வகுப்பறை!

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், எங்கள் திண்டுக்கல்லில் கோயில் வாசல், காய்கறி மார்க்கெட், பஸ் ஸ்டாப் என்று எங்கே பார்த்தாலும் ஒரே பேச்சுத்தான். “எந்தக் காலேஜ்? என்ன கோர்ஸ்? ஃபீஸ் எவ்வளவு? வீட்டுப் பக்கம் பஸ் வருதா?” இத்தனையும் விசாரிக்கிற நாம், “அங்கே எப்படிச் சொல்லிக் கொடுக்கிறாங்க?” என்று மட்டும் கேட்பதில்லை.

ரசத்துக்கு எவ்வளவு புளி என்று புத்தகத்தைப் படித்து ஒப்பித்துவிட்டால் ரசம் வந்துவிடுமா? புளி புதுசா, பழசா? தண்ணீர் உப்புத் தண்ணீரா, நல்ல தண்ணீரா? சாப்பிடுகிறவர் குழந்தையா, வயோதிகரா? அடுப்பு முன்னால் நின்றால்தானே இதெல்லாம் தெரிகிறது! கல்லூரிப் படிப்பும் அப்படித்தான். ஆசிரியர் நோட்ஸ் சொல்ல, பிள்ளைகள் எழுத, அதையே பரீட்சையில் கக்கிவிட்டு வருவதை நாம் படிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதை மாற்றிக் காட்டிய இடம் எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மதுரை போகும் வழியில், சின்னாளபட்டிக்குப் பக்கத்தில், சிறுமலை அடிவாரத்தில் இருக்கும் காந்திகிராமம்தான் அது.

ஒரு பெண்மணி போட்ட விதை

காந்திகிராமத்தை 1947-ல் தொடங்கியவர்கள் டாக்டர் சௌந்தரம் அம்மாவும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும். சௌந்தரம் அம்மா டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். 1904-ல் பிறந்தவர். அந்தக் கால வழக்கப்படி சிறு வயதிலேயே கல்யாணம். இளம் வயதிலேயே கணவரை இழந்தார். “அவ்வளவுதான், இனி வீட்டு மூலைதான்” என்று அன்றைய சமூகம் ஒதுக்கியிருக்கும். ஆனால் அவர் டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் படித்து டாக்டரானார். பின்னர் 1940-ல், காந்திஜியின் ஆசியோடு ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார்.

பட்டணத்தில் கிளினிக் வைத்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கலாம். அவரோ சின்னாளபட்டியில் ஏழைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வைத்தியம் பார்க்க வந்தார். அங்கே தொடங்கிய மருத்துவப் பணிதான் பின்னாளில் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. பள்ளிக்கூடம், கைத்தொழில், ஆசிரியர் பயிற்சி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 1956-ல் கிராமிய உயர்கல்வி நிலையம் உருவாயிற்று. 1976-ல் அதற்கு நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து கிடைத்தது.

என்ன புதுமை?

1937-ல் வார்தாவில் நடந்த கல்வி மாநாட்டில் காந்திஜி எடுத்து வைத்த ஆதாரக் கல்விதான் இதற்கு வேர். கையும் மூளையும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், சுற்றிலும் உள்ள வாழ்க்கையிலிருந்தே பாடம் பிறக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அது சின்னப் பிள்ளைகளுக்கான திட்டம்தானே என்று விட்டுவிடாமல், பட்டப்படிப்புக்கும் கொண்டு வந்ததுதான் காந்திகிராமத்தின் சிறப்பு.

வழக்கமாகப் பல்கலைக்கழகம் என்றால் பாடம் சொல்வது, ஆராய்ச்சி செய்வது என்ற இரண்டு வேலைதான். இங்கே மூன்றாவதாக ‘விரிவாக்கம்’ என்று ஒன்று உண்டு. படித்ததைக் கிராமத்துக்குக் கொண்டுபோவதும், கிராமத்தில் கண்டதை வகுப்புக்குக் கொண்டுவருவதும்தான் அது. மாணவ மாணவியர் கூட்டாகச் சில நாட்கள் ஒரு கிராமத்திலேயே தங்குகிறார்கள். வீடு வீடாகப் போய்ப் பேசுகிறார்கள். தண்ணீர், சுகாதாரம், பள்ளிக்கூடம், விவசாயம் என்று நிலைமையைக் கண்டறிகிறார்கள். இது பொழுதுபோக்குச் சுற்றுலா அல்ல, படிப்பின் ஒரு பகுதி.

மாடக்குழியில் கிடந்த மாத்திரை

என் அக்கா மகள் அங்கே மனையியல் படித்தவள். கிராமத்தில் தங்கப் போக வேண்டும் என்று வந்து சொன்னதும் அக்கா பிடித்துக்கொண்டாள்.

“வயசுப் பிள்ளையை முன்னே பின்னே தெரியாத ஊர்ல தங்க வைக்கிறதா? காலேஜுக்கு அனுப்பினது படிக்கத்தானே, ஊர் சுத்தவா?”

அத்தான் நேரே போய் விசாரித்து வந்தார். பெண் ஆசிரியர்களும் கூடவே தங்குகிறார்கள், பெண்களுக்குத் தனி இடம், கழிப்பறை வசதி உண்டு என்று தெரிந்த பிறகுதான் சம்மதம் கிடைத்தது.

போன இடம் நத்தம் பக்கத்தில் ஒரு சிற்றூர். இரத்தசோகையைப் பற்றி இவளுக்கு நோட்ஸ் தலைகீழ்ப் பாடம். ஒரு வீட்டில் மாசமாக இருந்த பெண்ணைப் பார்த்திருக்கிறார்கள். முகமெல்லாம் வெளுத்துக் கிடந்ததாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை அட்டை அட்டையாக மாடக்குழியில் அப்படியே இருந்ததாம்.

“ஏங்க்கா சாப்பிடலை?” என்று கேட்டதற்கு, “சாப்பிட்டா வயித்தைப் புரட்டுது கண்ணு. வெளிக்குக் கருப்பாப் போகுது. பிள்ளையும் கருப்பாப் பொறக்கும்ங்கிறாங்க” என்று பதில் வந்திருக்கிறது.

இதற்கு நோட்ஸில் விடை இல்லை. அன்று சாயங்காலம் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பேசினார்கள். ஆசிரியை விடையைச் சொல்லிவிடாமல், “ஏன் புரட்டுகிறது? எப்போது சாப்பிட்டால் புரட்டாது? அவள் பயத்துக்கு என்ன பதில்?” என்று இவர்களையே யோசிக்க வைத்தாராம். மறுநாள் மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனார்கள்.

அவர்கள் சொல்லி வந்தது நம் வாசகிகளுக்கும் உபயோகப்படும்:

• வெறும் வயிற்றில் மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

• காபி, டீயோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது. அவை இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் அதே வேளையில் போட வேண்டாம்.

• எலுமிச்சம்பழச் சாறு, நெல்லிக்காய், கொய்யா ஆகியவை இரும்புச்சத்து சேர உதவும்.

• மலம் கருப்பாகப் போவது அந்த மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம். குழந்தையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லை.

• அப்படியும் ஒத்துக்கொள்ளாவிட்டால் நர்ஸிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

“நோட்ஸ்ல இரத்தசோகைக்கு எட்டுக் காரணம் இருந்துச்சு சித்தி. மாடக்குழி மட்டும் அதுல இல்லை” என்றாள் அவள். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

மற்ற இடங்களில்

வேலூர் சி.எம்.சி.யிலும் மருத்துவ மாணவர்கள் தொடக்கத்திலேயே கிராமத்தில் தங்கி, நோயாளிக்கும் ஒரு வீடு, ஒரு அடுப்பு, ஒரு கடன் உண்டு என்று அறிந்துகொள்கிறார்கள். நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கி இன்று நாடெங்கும் பரவியிருக்கிறது.

கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969 முதல், மருத்துவ மாணவர்களுக்கு முதலில் ஒரு நோயாளியின் பிரச்னையைக் கொடுத்து, தேவையான பாடத்தை அவர்களே தேடிப் படிக்கச் செய்தது. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பேராசிரியர் எரிக் மஸூர், தம் மாணவர்கள் கணக்கை எல்லாம் சரியாகப் போட்டும் அடிப்படை விஷயம் புரியாமல் இருந்ததைக் கண்டார். உடனே முறையை மாற்றினார். ஒரு கேள்வி கேட்பது, பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்கச் சொல்வது, பிறகு விளக்குவது. இதற்குப் பெரிய செலவு ஏதும் இல்லை பாருங்கள்!

நம் பங்கு என்ன?

புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க ஆசைப்படும் ஆசிரியர்கள் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறார்கள். ஆனால் “போர்ஷன் முடிக்கலை”, “நோட்ஸ் கொடுக்கலை” என்று முதல் புகார் போவது பெரும்பாலும் நம் வீட்டிலிருந்துதான். இரண்டு தடவை அப்படிப் புகார் போனால், அந்த ஆசிரியர் நமக்கேன் வம்பு என்று பழையபடி நோட்ஸ் சொல்ல ஆரம்பித்துவிடுவார். நஷ்டம் யாருக்கு? நம் பிள்ளைகளுக்குத்தான்.

ஆகவே சகோதரிகளே,

1. கல்லூரியில் சேர்க்கும்போது, வகுப்புக்கு வெளியே என்னென்ன கற்றுத் தருகிறார்கள், அதற்கு மார்க் உண்டா என்று கேளுங்கள்.

2. முகாம் என்றால், துணைக்கு யார், எங்கே தங்குவது, கழிப்பறை, அவசரத்துக்கு ஆஸ்பத்திரி, இவற்றைக் கேட்பது உங்கள் உரிமை. திருப்தியான பதில் வந்த பிறகு பெண் பிள்ளை என்பதற்காக நிறுத்தி வைக்காதீர்கள்.

3. திரும்பி வந்ததும் “எத்தனை மார்க்?” என்பதற்கு முன்னால் “என்ன பார்த்தே?” என்று கேளுங்கள்.

4. நல்ல முறையில் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரைப் பெற்றோர் கூட்டத்தில் நாலு பேர் முன்னிலையில் பாராட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிராமத்துக்குப் போவதென்றால் படிவத்தை நிரப்பி, போட்டோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவதாக ஆகிவிடக் கூடாது. வேலை நேரத்தில் நமக்காக உட்கார்ந்து பேசிய அந்த ஜனங்களுக்கு, கண்டறிந்ததைத் திரும்பப் போய்ச் சொல்ல வேண்டும். வேலை பற்றிக் கேட்டபோது, இரண்டு மாட்டைப் பார்த்துக்கொண்டு, பூவும் கட்டிக்கொண்டே, “சும்மாதான் இருக்கேன்” என்று சொன்ன ஒரு பெண்ணைப் பற்றியும் என் அக்கா மகள் சொன்னாள். படிவத்தில் ‘வேலை இல்லை’ என்று எழுதாமல், அவள் செய்யும் ஒவ்வொரு வேலையையும் எழுதி, அவளிடமே வாசித்துக் காட்டினார்களாம். “அம்மாடி, இம்புட்டு வேலையா பாக்குறேன்!” என்று அவளே வியந்துபோனாளாம்.