ஒரு நாள் கூலி ஏழு ஷில்லிங்!

குழந்தைகளே! மாதத் தொடக்கத்தில் அம்மாவும் அப்பாவும் உட்கார்ந்து வீட்டுச் செலவுக் கணக்கு எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். வாடகை இவ்வளவு, பால் இவ்வளவு, மளிகை இவ்வளவு... இப்படிப்பட்ட கணக்குகள் ஒருமுறை நீதிமன்றத்துக்கே போயின. நடந்தது ஆஸ்திரேலியாவில், 1907-ஆம் ஆண்டில். அந்தக் கணக்குகளை ஒவ்வொரு காசாகக் கவனித்த நீதிபதி, காசைப் பற்றிக் கவலையே படத் தேவையில்லாத பணக்காரர்! அவர் பெயர் ஹென்றி போர்ன்ஸ் ஹிக்கின்ஸ்.

ஹிக்கின்ஸ் 1851-இல் அயர்லாந்தில் பிறந்தார். அப்பா கிறிஸ்தவ மத போதகர். வீட்டில் பணம் அதிகமில்லை. பையனுக்குத் திக்குவாய் வேறு. சகோதரர் ஒருவர் காசநோயால் இறந்ததும், மற்ற பிள்ளைகளையாவது நல்ல வெயில் உள்ள நாட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று பெற்றோர் முடிவு செய்தார்கள். 1870-இல் குடும்பம் மெல்போர்ன் வந்து சேர்ந்தது. அப்போது அது, இங்கிலாந்தின் ஆட்சியில் இருந்த விக்டோரியா என்ற பகுதியின் தலைநகரம்.

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சம்பாதித்துக்கொண்டே ஹிக்கின்ஸ் சட்டம் படித்தார். (வாத்தியாராக இருந்தவர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்!) 1876-இல் பாரிஸ்டர் ஆனார். திக்குவாய்ப் பையன் நீதிமன்றத்தில் பேசியே பெயர் வாங்கினார். சொத்து வழக்கு, உயில் வழக்கு என்று வந்து குவிந்தன. சில ஆண்டுகளிலேயே பெரும் பணக்காரர் ஆகிவிட்டார்.

1894-இல் விக்டோரியா சட்டமன்ற உறுப்பினர் ஆனார். 1899-இல் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் தொடங்கியது. இங்கிலாந்துக்கு உதவியாகப் படை அனுப்ப வேண்டும் என்று ஊரே ஆரவாரம் செய்தது. "இந்த யுத்தம் நியாயமில்லை, அனுப்பக்கூடாது" என்றார் ஹிக்கின்ஸ். அடுத்த தேர்தலில் மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள். ஆனாலும் 1901-இல் ஆஸ்திரேலியா ஒரே நாடாக இணைந்தபோது, அதன் முதல் நாடாளுமன்றத்துக்கு வேறு தொகுதியிலிருந்து தேர்வானார். 1904-இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. அந்தக் கட்சியில் அனுபவமுள்ள பெரிய வழக்கறிஞர் இல்லை. கட்சி உறுப்பினரே அல்லாத ஹிக்கின்ஸை அழைத்து அட்டர்னி ஜெனரல் ஆக்கினார்கள். 1906-இல் நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்தில் நீதிபதியானார். மறு ஆண்டு தொழிலாளர் தகராறுகளைத் தீர்க்கும் நீதிமன்றத்துக்கும் தலைவரானார்.

இனி வழக்குக்கு வருவோம்.

மெல்போர்னுக்கு அருகே சன்ஷைன் என்ற இடத்தில் எச்.வி. மெக்கே என்பவரின் தொழிற்சாலை இருந்தது. கோதுமைக் கதிரை அறுத்து, அடித்து, தூற்றி, மணியைத் தனியாகத் தரும் இயந்திரங்களை அங்கே செய்தார்கள். அப்போது ஒரு சட்டம் இருந்தது. இந்த இயந்திரத்தைச் செய்யும் முதலாளி வரி கட்ட வேண்டும். தொழிலாளிக்கு 'நியாயமான கூலி' கொடுத்தால் வரி கிடையாது. மெக்கே வரிவிலக்கு கேட்டு வந்தார்.

நியாயமான கூலி என்றால் எவ்வளவு? சட்டத்தில் அதைச் சொல்லவே இல்லை!

மெக்கே தொழிற்சாலையில் சாதாரணக் கூலியாளுக்கு ஒரு நாளைக்கு 6 ஷில்லிங். ஊரில் எல்லாரும் கொடுப்பது எவ்வளவோ அதுதான் நியாயம் என்று விட்டுவிடலாமா? ஹிக்கின்ஸ் விடவில்லை. கூலியைப் பேரம் பேசி முடிவு செய்தால், ஒரு பக்கம் முதலாளி, மறு பக்கம் பசியோடு நிற்பவன். அது எப்படிச் சரியான பேரமாகும் என்று கேட்டார். ஒரு குதிரைக் கதையும் சொன்னார். 'நியாயமாக நடத்துவேன்' என்று சொல்லி ஒருவரிடம் குதிரை இரவல் வாங்கினால், அதற்குத் தீனி, தண்ணீர், இருக்க இடம், ஓய்வு எல்லாம் கொடுக்க வேண்டும் அல்லவா? மனிதனுக்கு அதைவிடக் குறைவாகவா கொடுப்பது?

அதனால்தான் வீட்டுக் கணக்குகளைப் பார்த்தார். தொழிலாளிகளின் மனைவிமார் கணக்குச் சொன்னார்கள். கசாப்புக் கடைக்காரர்கூட வந்து சாட்சி சொன்னார்!

ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள், நாமும் போட்டுப் பார்ப்போம். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங். ஐந்து பேர் உள்ள வீட்டில் வாடகை, மளிகை, ரொட்டி, இறைச்சி, பால், விறகு, காய், பழம் இவற்றுக்கு மட்டும் வாரத்துக்கு 32 ஷில்லிங் 5 பென்ஸ் ஆனது. ஆறு நாள் வேலை செய்தால் கூலி 36 ஷில்லிங். மீதி எவ்வளவு? 3 ஷில்லிங் 7 பென்ஸ். துணி, செருப்பு, விளக்கு, மருந்து, டிராம் கட்டணம், பிள்ளைகளின் பள்ளிச் சாமான் எல்லாம் அதற்குள்ளே!

1907 நவம்பர் 8 அன்று தீர்ப்பு வந்தது. ஒரு நாள் கூலி 7 ஷில்லிங்; வாரத்துக்கு 42. அதற்குக் குறைந்தால் நியாயமில்லை. இப்போது மீதியை நீங்களே கழித்துப் பாருங்கள்.

மெக்கே ஒப்புக்கொள்ளவில்லை. வழக்கு மேலே போனது. 1908-இல் அந்தச் சட்டமே செல்லாது என்று ஐந்து நீதிபதிகளில் மூவர் சொல்லிவிட்டார்கள். எதிர்த்த இருவரில் ஒருவர் ஹிக்கின்ஸ். மெக்கே 7 ஷில்லிங் கொடுக்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது. ஆனால் ஹிக்கின்ஸ் அதே அளவுகோலைப் பிற தொழிலாளர் வழக்குகளில் பயன்படுத்தினார். விலைவாசி ஏறும்போது கூலியும் ஏற வேண்டும் என்றார். 1921 வரை அந்த நீதிமன்றத்தின் தலைவராக இருந்தார்.

அந்த ஆண்டுகள் அவருக்கு எளிதாக இல்லை. ஒரே மகன் மெர்வின், 1916-இல் எகிப்தின் சினாய்ப் பாலைவனத்தில் நடந்த போரில் கொல்லப்பட்டார். ஹிக்கின்ஸ் 1929-இல் காலமானார்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 7 ஷில்லிங், மனைவி மக்களைக் காப்பாற்றும் ஆணுக்கான கூலி. 1912-இல் பழத்தோட்ட வழக்கு ஒன்று வந்தது. ஆண்களோடு சேர்ந்து பழம் பறித்த பெண்களுக்குச் சமக் கூலி தந்த ஹிக்கின்ஸ், பழத்தை அடுக்கிக் கட்டிய பெண்களுக்குக் குறைத்துக் கொடுத்தார். அது பெண்கள் செய்யும் வேலை என்பது அவர் எண்ணம். அவருக்கு வீட்டுக் கணக்குச் சொன்னவர்களே பெண்கள்தான்! சம மதிப்புள்ள வேலைக்குச் சமக் கூலி என்ற தீர்ப்பு ஆஸ்திரேலியப் பெண்களுக்கு 1972-இல்தான் கிடைத்தது.