கஞ்சாச் செடியிலிருந்து ஒரு வலிப்பு மருந்து

உங்கள் மூளையில் உள்ள ஒரு நரம்புச் செல்லின் சுவர், ஒரு மில்லிமீட்டரை இரண்டு லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு கனமே இருக்கும். அச்சுவரின் உள்ளுக்கும் வெளிக்கும் இடையே சுமார் 70 மில்லிவோல்ட் மின்னழுத்த வேறுபாடு உண்டு. இவ்வளவுதானா என்று எண்ணாதீர்கள். அதைச் சுவரின் கனத்தால் வகுத்துப் பாருங்கள். மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட்டுக்கும் மேல் வரும்! காற்றில் மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் இருந்தாலே பொறி பறந்துவிடும்.

இச்சுவரில் சோடியம் அயனிகள் நுழைவதற்கென்று நுண்ணிய வாயில்கள் உள்ளன. அவை திறந்ததும் மின்துடிப்பு பிறக்கிறது. சில செல்கள் அடுத்த செல்லைத் தூண்டுகின்றன, சில அடக்குகின்றன. அடக்கும் செல்களே மூளையின் பிரேக். அந்தப் பிரேக் தளர்ந்தால் ஏராளமான செல்கள் ஒரே சமயத்தில் துடிக்கும். அதுவே வலிப்பு.

பிரான்சு நாட்டு மருத்துவர் சார்லட் திராவே 1978-இல் ஒரு கொடிய குழந்தை வலிப்பு நோயை விவரித்தார். பெரும்பாலும் முதல் வயதுக்குள், காய்ச்சலோடு அது தொடங்கும். பிறகு வலிப்பு அடிக்கடி வரும். குழந்தையின் பேச்சும் நடையும் பின்தங்கும். சோடியம் வாயிலை அமைக்கும் ஒரு மரபணுவின் பழுதே இதற்குக் காரணம் என்பது 2001-இல் தெரிந்தது. அப்பழுது முக்கியமாக அடக்கும் செல்களைத் தாக்குகிறது. இங்கேதான் ஒரு விபரீதம். வலிப்பு மருந்துகள் பலவும் சோடியம் வாயில்களை அடைப்பவை. அவற்றை இக்குழந்தைகளுக்குக் கொடுத்தால் எஞ்சிய பிரேக்கும் போய்விடும்!

இனி செடிக்கு வருவோம். கன்னபிடையால் என்ற பொருளைக் கஞ்சா இனச் செடியிலிருந்து 1940-இல் பிரித்தவர் அமெரிக்க வேதியியலார் ரோஜர் ஆடம்ஸ். அதன் அமைப்பை 1963-இல் இஸ்ரேலில் ரபேல் மெச்சூலமும் அவர் துணைவரும் கண்டறிந்தனர். கஞ்சாவில் போதை தருவது வேறொரு பொருள். இரண்டிலுமே 21 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்கள்தாம். போதைப் பொருளில் ஒரு வளையம் கூடுதலாக மூடியிருக்கிறது. கன்னபிடையாலில் அது திறந்திருக்கிறது. ஒரு பிணைப்பு இடம் மாறியதில் போதையே இல்லாமற் போகிறது பாருங்கள்!

1980-இல் பிரேசிலில் எட்டு வலிப்பு நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். நான்கு பேருக்கு வலிப்பு ஏறக்குறைய நின்றது. நல்ல செய்திதான், ஆனால் எட்டுப் பேரை வைத்து என்ன முடிவு கட்டுவது? 2013-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துச் சிறுமி ஒருத்தி இந்த எண்ணெயால் தேறிய கதை தொலைக்காட்சியில் வந்தது. பெற்றோர் பலர் ஊரை விட்டே அங்குக் குடிபெயர்ந்தனர். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் வலிப்பு தானாகவே கூடும், குறையும். குறைந்த மாதத்தில் எதைக் கொடுத்திருந்தாலும் அதற்கே பெயர் கிடைக்கும்.

ஆகவே 120 பேரைக் கொண்டு, 14 வாரச் சோதனை ஒன்று நடந்தது. முடிவு 2017-இல் வெளிவந்தது. ஒரு பாதியினருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம் தினமும் மருந்து; மறுபாதியினருக்கு அதே தோற்றமுள்ள வெறும் திரவம். யாருக்கு எது என்பது பெற்றோருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மருந்துக் குழுவில் மாதத்துக்கு 12.4 ஆக இருந்த வலிப்பு 5.9 ஆயிற்று. மற்றக் குழுவில் 14.9 என்பது 14.1 ஆயிற்று. இவை இடைநிலை மதிப்புகள். கணக்கு வகுப்பில் படித்திருப்பீர்கள். வலிப்பு முழுவதும் நின்றவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் மட்டுமே.

நல்லெண்ணெயில் கரைத்த இம்மருந்துக்கு அமெரிக்கா 2018-இல் அனுமதி தந்தது. 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு மேற்சொன்ன அளவு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம், அதாவது 4 மில்லிலிட்டர். தூக்கம், பசியின்மை, வயிற்றுப்போக்கு வரலாம். கல்லீரலை இரத்தப் பரிசோதனையால் கண்காணிக்க வேண்டும். கடையில் விற்கும் எண்ணெய்ப் புட்டிகள் இதற்கு ஈடல்ல. அவற்றில் எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறாக இருந்ததுண்டு.

இன்னொரு சிக்கலும் உண்டு. குளோபசாம் என்ற பழைய வலிப்பு மருந்தை உடன் உண்பவர்களுக்குக் கன்னபிடையால் அதன் விளைபொருளைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து, அவ்விளைபொருளை இரத்தத்தில் பெருக்கிவிடுகிறது. அப்படியானால் வலிப்பைக் குறைத்தது புதிய மருந்தா, பெருகிய பழைய மருந்தா? இரண்டும் சேர்ந்தே என்று கருதுவோர் உண்டு. ஐரோப்பா 2019-இல் அனுமதி தந்தபோது, இந்நோய்க்கு இதைக் குளோபசாமுடன் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று விதித்தது.