பெட்டி பிரித்த அன்றே ஓட்டாதீர்கள்

"மாமா, இன்னிக்கே ஓட்டலாமா?"

அட்டையைக் கிழித்து முடிக்கும் முன்பே என் தங்கை மகள் கேட்டுவிட்டாள். அவளுக்கு 11 வயது. கிணத்துக்கடவுப் பக்கம் தோப்பில் ஓட்டுவதற்காக மச்சான் வாங்கிக் கொடுத்த 110 சிசி டர்ட் பைக் அது. முன்சக்கரம், ஹேண்டில்பார், மட்கார்டு எல்லாம் தனித்தனியாக, ஒரு இரும்புச் சட்டத்துக்குள் கட்டப்பட்டு என் பட்டறையில் வந்து இறங்கியிருந்தது. "ரெண்டு நாள் பொறு அம்மிணி" என்றேன். முகம் வாடிவிட்டது. ஆனாலும் அந்த இரண்டு நாளை நான் யாருக்காகவும் குறைப்பதில்லை.

கோவை கணபதியில் 30 வருடமாக பைக் வேலை பார்க்கிறேன். ரோட்டில் ஓடும் பைக் என்றால், ஷோரூமில் ஒரு மெக்கானிக் கை வைத்துப் பார்த்த பிறகுதான் சாவி நம் கைக்கு வரும். இந்தச் சின்ன டர்ட் பைக்குகளில் பல அப்படி வருவதில்லை. பாதி பூட்டிய நிலையில் கப்பலேறி, நேராக வீட்டு வாசலுக்கே வந்துவிடுகின்றன. மீதியைப் பூட்டுகிறவர்தான் அதற்குக் கடைசி மெக்கானிக். பல வீடுகளில் அது அப்பாவோ அண்ணனோதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பையனின் வண்டி என்னிடம் வந்தது. முதல் நாளே வேலியில் மோதி அவன் மணிக்கட்டு உடைந்திருந்தது. "திரும்பும்போது வண்டி தானா சீறிடுச்சு" என்றான். யாரும் நம்பவில்லை. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, ஸ்டார்ட் செய்து, ஹேண்டிலை இடது கோடிக்குத் திருப்பினேன். ஆக்சிலேட்டரைத் தொடவே இல்லை. இன்ஜின் சத்தம் கிடுகிடுவென ஏறியது. கேபிளைத் தவறான வழியில் விட்டிருந்தார்கள். ஹேண்டிலைத் திருப்பினால் கேபிள் இழுபடும், கார்ப்பரேட்டர் தானாகத் திறந்துகொள்ளும். பையன் சொன்னது அத்தனையும் உண்மை.

அன்றிலிருந்து எந்தப் புது வண்டிக்கும் இந்தச் சோதனையை விடுவதில்லை. இன்ஜின் ஸ்லோவில் ஓடட்டும். ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்புங்கள். சத்தம் துளிகூட மாறக் கூடாது. ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டால் 'டக்' என்று தானாகத் திரும்பி மூடிக்கொள்ள வேண்டும். இதற்கு இரண்டு நிமிடம் போதும்.

இனி எங்கள் வண்டிக்கு வருகிறேன். முதலில் ஒவ்வொரு போல்ட்டிலும் ஸ்பேனர் போட்டேன். இன்ஜினைச் சேசிஸில் பிடிக்கும் போல்ட், ஹேண்டில் கிளாம்ப், பின் ஸ்பிராக்கெட், பிரேக் டிஸ்க் ஆகிய நான்கு இடங்களில் போல்ட்டைக் கழற்றித் துடைத்து, போல்ட் தளராமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் பசை ஒரு சொட்டு விட்டு முறுக்கினேன். மண்ணில் குதித்து ஓடும் வண்டியின் அதிர்வு தளரவைப்பது இவற்றைத்தான். ஹேண்டில் திரும்பும் இடத்திலுள்ள கோன் செட்டைத் திறந்து பார்த்தால், கிரீஸ் விரலில் ஒட்டும் அளவுக்குத்தான் இருந்தது. துடைத்துவிட்டு நிறைய வைத்தேன்.

ஸ்போக்ஸ் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். இறுக்கமான கம்பி 'டிங்' என்னும். தளர்ந்த கம்பி 'டொக்' என்னும். பாப்பாவையே தட்டச் சொன்னேன். பின்சக்கரத்தில் ஐந்து 'டொக்' கண்டுபிடித்தாள். ஒரே கம்பியை ஒரே மூச்சில் முறுக்கிவிடக் கூடாது, ரிம் கோணிவிடும். கால் சுற்று, பிறகு எதிர்ப்பக்கத்துக் கம்பி, மறுபடி கால் சுற்று. அவசரப்படாமல் செய்கிற வேலை இது.

இன்ஜினைப் பார்த்ததும் எனக்குப் பழைய பாசம். சிலிண்டர் படுத்தவாக்கில் இருக்கும் இந்த அமைப்பு, 1958இல் ஹோண்டா கொண்டுவந்த சூப்பர் கப் வழியில் வந்தது. நம்மூரில் ஓடிய ஹீரோ ஹோண்டா ஸ்ட்ரீட் நினைவிருக்கிறதா? அதே குடும்பம். கிளட்ச் கைப்பிடி கிடையாது. காலால் கியர் மாற்றினால் போதும். குழந்தைகள் பழக இதைவிட நல்ல இன்ஜின் இல்லை என்பது என் கருத்து.

பெட்டியோடு வரும் ஆயிலை நம்பாதீர்கள். இறக்கிவிட்டு, பைக் ஆயில் புதிதாக 800 மில்லி ஊற்றினேன். கார் ஆயில் கூடாது. இதில் கிளட்ச் ஆயிலிலேயே நனைந்து ஓடுகிறது, கார் ஆயில் ஊற்றினால் வழுக்க ஆரம்பிக்கும். டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஏர் ஃபில்டரில் இருந்த ஸ்பாஞ்ச் காய்ந்து கிடந்தது. காய்ந்த ஸ்பாஞ்ச் மண்ணைத் தடுக்காது. தோப்பு மண் உள்ளே போனால் பிஸ்டன் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஃபில்டர் ஆயிலில் நனைத்து, முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து மாட்டினேன்.

செயினில் இரண்டு விரல் கனம் ஆட்டம் வைத்தேன். செயின் லாக்கின் மூடிய முனை, செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். டயரில் காற்று 15 பிஎஸ்ஐ போதும். ரோட்டு பைக்குக்கு 28, 30 வைத்துப் பழகியவர்கள் அதையே இதற்கும் வைத்தால், மண்ணில் பிடிப்பே இருக்காது.

பிறகு பாப்பாவை உட்காரவைத்தேன். பிரேக் லீவர் அவள் விரலுக்கு எட்டவில்லை, உள்ளே தள்ளிக் கொடுத்தேன். ஆக்சிலேட்டர் பிடியின் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதை உள்ளே முறுக்கினால் ஆக்சிலேட்டர் முழுதும் திறக்காது. கால் பங்குக்கு மேல் போகாமல் வைத்தேன். பழகப் பழக நான்தான் தளர்த்துவேன், மச்சான் அல்ல. முகம் மூடும் ஹெல்மெட், கண்ணாடி, கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ், முட்டிக்கும் முழங்கைக்கும் காப்பு. இவை இல்லாமல் நான் சாவி தருவதில்லை.

இந்த வண்டிக்கு நம்பர் பிளேட் கிடையாது. தோட்டத்துக்கு வெளியே ஒரு அடிகூட ரோட்டில் ஓட்டக் கூடாது. சிறுவர்கள் ரோட்டில் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. தோப்புக்கு டெம்போவில்தான் ஏற்றிப் போனோம்.

ஞாயிறு காலை சோக் போட்டு ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, கை பொறுக்கும் அளவுக்கு ஆறவிட்டேன். இப்படி இரண்டு முறை. அதன் பிறகுதான் அவளை ஏற்றினேன். தென்னைகளுக்கு நடுவே 20 நிமிடம், வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டினாள். அவள் சிரித்த சத்தம் ஹெல்மெட்டுக்கு உள்ளிருந்தே கேட்டது.

சாயங்காலம் பட்டறைக்கு வந்ததும் வண்டியை மறுபடி ஸ்டாண்டில் ஏற்றினேன். மூன்று ஸ்போக் தளர்ந்திருந்தன. ஸ்பிராக்கெட் போல்ட் ஒன்று கால் சுற்று ஏறியது. செயின் தொய்ந்திருந்தது. புதிதாக ஊற்றிய ஆயிலையும் இறக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தால், வெள்ளிப் பொடி மாதிரி உலோகத் துகள் மினுங்கியது.