வாசலுக்கு வந்த கடன் - 9: பழைய கணக்கு யார் கையில்?

1880-ல் பிராட்ஃபோர்டில் ஜோஷுவா வாடிலவ் ப்ராவிடென்ட் நிறுவனத்தைத் தொடங்கினார்; கடையில் கொடுத்துச் சாமான் வாங்கும் சீட்டு, அதற்கு வாரத் தவணை. சென்ற வாரத்துக்கு இது போதும். தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு மீதி நினைவிருக்கும்.

இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்தது இது: இங்கிலாந்தில் வீட்டு வாசலில் கடன் வாங்கி, அடைத்து, தவணை அட்டையையும் எறிந்துவிட்ட ஒருவர் பல வருடம் கழித்து அந்தக் கணக்கைக் கேட்டு வாங்குவது எப்படி?

சட்டத்தில் வழி நேராகவே இருக்கிறது. ஒரு நிறுவனம் தங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவல்களின் நகலைக் கேட்கும் உரிமையை 1984-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமே பிரிட்டன் மக்களுக்குக் கொடுத்தது. முன்பு அதற்கு 10 பவுண்டு வரை வசூலித்தார்கள். 2018 மே மாதத்திலிருந்து பொதுவாகக் கட்டணம் கிடையாது. ஒரு மாதத்துக்குள் பதில் வர வேண்டும். சிக்கலான கோரிக்கை என்றால் மேலும் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளலாம். படிவம் வேண்டாம், காரணமும் சொல்ல வேண்டாம். வாயால் கேட்டாலே செல்லும். ஆனாலும் எழுதிக் கேட்பதுதான் நல்லது. எந்தத் தேதியில் கேட்டோம் என்பதற்குச் சாட்சி இருக்கும்.

என்ன கேட்கிறோம் என்பதுதான் முக்கியம். 'என் கடன் கணக்கு வேண்டும்' என்று மட்டும் எழுதினால், வாங்கியது இவ்வளவு, கட்டியது இவ்வளவு என்று ஒரு பட்டியலோடு நின்றுவிடலாம். வீட்டுக்கு வந்து வசூலித்த ஏஜென்ட் எழுதிய குறிப்புகளையும் கேட்க வேண்டும். உங்கள் வருமானம், வாடகை, பிள்ளைகள் எண்ணிக்கை என்று அன்றைக்கு அவர் என்ன பதிந்தார்? பழைய கடன் முடியாதபோதே புதுக் கடன் கொடுத்து, அதிலிருந்தே பழையதைக் கழித்தாரா? பின்னால் புகார் செய்கிறவருக்கு உயிர்நாடி இந்தச் சங்கிலிதான்.

ஏஜென்ட் என்றதும் இந்த வாரம் படித்த ஒரு கதையைச் சொல்லாமல் நகர முடியவில்லை. வாடிலவ் தொடங்கிய அதே ப்ராவிடென்ட் 2017-ல் லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு நிறுவனங்களில் ஒன்று. அதற்காக வீடு வீடாகப் போய் வசூலித்தவர்கள் சுமார் 4,500 ஏஜென்ட்டுகள். சம்பளக்காரர்கள் அல்ல, வசூலித்த பணத்தில் கமிஷன் பெற்றவர்கள். எந்த வீட்டில் சம்பளம் வெள்ளிக்கிழமை வரும், எந்த வீட்டில் கணவனுக்கு வேலை போயிற்று, யாரிடம் இந்த வாரம் கேட்காமல் அடுத்த வாரம் வந்தால் பணம் வரும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். நம் ஊர்த் தண்டல்காரரைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

நிர்வாகம் அந்த ஏஜென்ட் முறையையே கைவிட்டது. பதிலுக்கு முழுநேர ஊழியர்கள் சுமார் 2,500 பேர். யார் எந்த வீட்டுக்கு எப்போது போவது என்பதை மென்பொருள் முடிவு செய்யும். மென்பொருளில் இருந்த தகவலில் பிழை. ஆட்கள் தப்பான நேரத்தில் கதவைத் தட்டினார்கள். முந்தைய ஆண்டு 90 சதவீதம் இருந்த வசூல் 57 சதவீதத்துக்கு விழுந்தது. ஆகஸ்ட் 22 அன்று நிறுவனம் இதை அறிவித்ததும் பங்கு விலையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே நாளில் போயிற்று. தலைமை அதிகாரி பதவி விலகினார்.

நூற்று முப்பது ஆண்டுக்கும் மேலான ஒரு தொழிலின் உண்மையான பதிவேடு அந்த மனிதர்களின் தலைக்குள் இருந்திருக்கிறது! கடன் வாங்கியவர் இன்று கேட்டு வாங்குவது அதில் காகிதத்தில் இறங்கிய பகுதியை மட்டும். அதனால்தான் அந்தக் குறிப்புகளை விடாதீர்கள் என்கிறேன்.

இன்னொன்று. வாசல் கடன் வாங்கியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். திருமணத்துக்கு முன் ஒரு குடும்பப் பெயர், பின் வேறொன்று. வாடகை வீடுகளும் மாறியிருக்கும். இன்றைய பெயரையும் முகவரியையும் மட்டும் கொடுத்தால் 'அப்படி யாரும் இல்லை' என்று பதில் வரலாம். பழைய பெயர்கள், குடியிருந்த எல்லா முகவரிகள், பிறந்த தேதி மூன்றையும் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும்.

கணக்குக் கேட்பதைச் சலுகையாக நினைத்துத் தயங்கவும் வேண்டாம். இந்தச் சந்தையில் போட்டி போதாமல் மக்கள் அதிக விலை கொடுக்கிறார்கள் என்று பிரிட்டனின் போட்டி ஆணையம் 2006-லேயே கண்டுபிடித்தது. கடன் வாங்கியவர் கேட்டால் கணக்கு அறிக்கை தர வேண்டும் என்பதும் அதைத் தொடர்ந்து வந்த உத்தரவுகளில் ஒன்று.

கைக்கு வந்த கணக்கை வைத்து நிதிக் குறைதீர்ப்பாளரிடம் போவது எப்படி என்பதையும் இங்கேயே எழுத நினைத்தேன். ஏஜென்ட்டுகள் இடத்தை எடுத்துக்கொண்டார்கள். அது அடுத்த வாரம்.

ஒன்றை மட்டும் அதுவரை தள்ளிப்போட முடியாது. முடிந்த கடன் 6 ஆண்டுகளில் கடன் வரலாற்று அறிக்கையிலிருந்து மறைந்துவிடுகிறது. கணக்கை நிறுவனங்களும் என்றென்றைக்கும் வைத்திருப்பதில்லை. ப்ராவிடென்ட் 2021-ல் வாசல் கடனையே மூடியது. அதன் பழைய வாடிக்கையாளர்கள் இழப்பீடு கோரக் கடைசி நாள் 2022 பிப்ரவரி 28. வாசல் கடன் கொடுத்த இன்னொரு நிறுவனமான மோர்சஸ் கிளப் 2023-ல் திவாலானது. இங்கிலாந்தில் இருக்கும் உங்கள் உறவினர் யாராவது இப்படிக் கடன் வாங்கியிருந்தால், கொடுத்த நிறுவனம் இன்னும் இயங்குகிறதா என்று பார்த்து, இந்த வாரமே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்.