மூலம் என்று சொல்லி மூடி வைக்காதீர்

உடலுக்கு வரும் நோய்களுள் சிலவற்றை நாம் நாலு பேர் நடுவில் கூசாமல் சொல்லுகிறோம். தலைவலியும் மூட்டுவலியும் திண்ணைப் பேச்சுக்கு உரியவை. ஆசனவாயில் தோன்றும் வலியும் எரிச்சலும் இரத்தப் போக்கும் அவ்வாறல்ல. வீட்டாரிடங்கூடச் சொல்லாமல் மாதக்கணக்கில் மறைத்து வைப்போர் பலர். வேற்று மொழி வழங்கும் மாநிலத்தில் வாழும் தமிழருக்கு இச் சங்கோசம் இரட்டிப்பாகிறது. தாய்மொழியிலேயே சொல்லக் கூசுவதை, அரைகுறையாகக் கற்ற பிற மொழியில் எவ்வாறு சொல்வது?

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவ் வினாவின் விடையைக் கற்பித்தவர் சாம்பியன் ரீப்ஸைச் சேர்ந்த பெரியவர் ஒருவர்.

கோலார் தங்கவயலைச் சேர்ந்த அவ்வூரின் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்குச் சென்றது. வட ஆர்க்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து குடியேறிய தமிழர் அங்கே தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அது முதல் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று, இரவில் வீடு திரும்பும் வாழ்க்கையை மேற்கொண்டனர்.

நாம் குறிப்பிடும் பெரியவரும் அவ்வாறே பெங்களூரில் காவற்காரர் வேலைக்குச் சென்றவர். மலத்துடன் இரத்தம் போவதை அவர் கண்டார். சுரங்கத்தின் வெக்கையில் உழைத்த உடம்பு, சூட்டினால் வந்த மூலம் என்று தாமே முடிவு செய்தார். மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் பூசினார். ஓராண்டு கழித்து ஒரு வைத்தியரிடம் போய், கன்னடத்தில் “மூலவ்யாதி” என்று ஒரே சொல்லைச் சொன்னார். கூட்டம் நெருக்கிய அவ்வேளையில் வைத்தியரும் அச் சொல்லை ஏற்று, வேறொரு களிம்பு எழுதித் தந்தார். மேலும் ஆறு மாதம் கழிந்தது.

பின்னர் வேறொரு மருத்துவமனைக்கு அவருடன் பேச்சுத் துணையாக நாம் சென்றோம். இரத்தம் மலத்தோடு கலந்து வருகிறது, மலம் கழித்த பின்னும் இன்னும் மிச்சம் இருப்பது போன்ற உணர்ச்சி நீங்குவதில்லை, இடுப்பு வாரை இரண்டு துளை இறுக்க வேண்டியதாயிற்று என்பவற்றைக் கேட்டறிந்து வைத்தியரிடம் சொன்னோம். அவர் உடனே எழுந்து, கையுறை அணிந்து, விரலால் பரிசோதித்தார். ஒரு நிமிஷத்திற்குள் கட்டி இருப்பது புலப்பட்டது. அது புற்றுநோய். அறுவைச் சிகிச்சையால் பெரியவர் உயிர் பிழைத்தார். ஆனால் மலம் வெளியேற வயிற்றில் ஒரு பை பொருத்த வேண்டியதாயிற்று. முன்னரே வந்திருந்தால் அப் பை தேவைப்படாமலே போயிருக்கலாம் என்றார் வைத்தியர்.

கன்னட வைத்தியருக்கு “மூலவ்யாதி” என்ற சொல் நன்றாக விளங்கியது. மொழி அங்கே தடையாக இருக்கவில்லை. நோயாளி தாமே சூட்டிய நோயின் பெயர்தான் தடையாக நின்றது.

ஆசனவாயில் தோன்றும் துன்பங்கள் யாவும் மூலம் அல்ல. மூலம் என்பது அவ்விடத்து இரத்தக் குழாய்கள் புடைத்துச் சரிவதாகும். இதில் பெரும்பாலும் வலியின்றிச் செந்நிற இரத்தம் சொட்டும். சில வேளை சதை வெளித்தள்ளும். மலம் கழிக்கையில் கத்தியால் கீறியது போன்ற வலி எழுந்து, பின்னும் வெகுநேரம் நீடித்தால், அது பெரும்பாலும் தோலில் ஏற்பட்ட வெடிப்பு. விண் விண்ணென்று தெறிக்கும் வீக்கமும் காய்ச்சலும் சீழ்க்கட்டியின் குறிகள். அக் கட்டி உடைந்து, அருகே ஒரு துளை வழியாகச் சீழ் கசிந்து கொண்டேயிருந்தால் அது பௌத்திரம். குழந்தைகளுக்கு இரவில் அரிப்பெடுத்தால் கீரிப்பூச்சியைச் சந்தேகிக்கலாம்.

மூலத்திற்கும் வெடிப்பிற்கும் முக்கிய காரணம் மலச்சிக்கலும் முக்குதலுமே. நெடும் பயணத்தில் தண்ணீர் குடிக்காமலும், கழிப்பிடம் இல்லை என்று அடக்கி வைத்தும் பழகியவர்கள் இதற்கு எளிதில் ஆளாகிறார்கள். கர்ப்பிணிகளுக்கும் இது நேர்வதுண்டு. கோலார்ச் சீமையின் கேழ்வரகுக் களியும், கீரையும், அவரையும், பழங்களும் மலத்தை இளக்குவன. போதிய தண்ணீர் பருக வேண்டும். உந்துதல் தோன்றியதும் போக வேண்டும். கைபேசியை ஏந்திக் கழிப்பறையில் நெடுநேரம் உட்காரலாகாது. அகன்ற பாத்திரத்தில் இளஞ்சூடான நீர் நிரப்பி, பத்து நிமிஷம் அதில் அமர்ந்திருப்பது வலியைத் தணிக்கும். லேசான துன்பம் இவற்றால் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும்.

அடங்காவிட்டால் வைத்தியரைக் காண வேண்டும். இரத்தம் கண்டால், முதல் தடவையே காட்டிவிடுவது நலம். மலங்கழிக்கும் வழக்கம் மூன்று வாரத்திற்கு மேல் மாறியிருத்தல், காரணமின்றி உடல் மெலிதல், சோகை, குடும்பத்தில் எவருக்கேனும் குடற் புற்றுநோய் இருந்திருத்தல், வயது நாற்பதைக் கடந்திருத்தல் ஆகிய இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் தாமதம் கூடாது. இளவயதினருக்கு இந்நோய் வராது என்பதும் இல்லை. இரத்தம் மிகுதியாகப் போய் மயக்கம் வருதல், மலம் தார் போலக் கறுத்துப் போதல், கடும் வலியுடன் காய்ச்சல், வயிறு உப்பி மலமும் வாயுவும் அடைபடுதல் ஆகியவை அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அபாயக் குறிகள். நீரிழிவு உடையோர் சிறு சீழ்க்கட்டியையும் அலட்சியம் செய்யலாகாது. பேருந்து நிலையச் சுவர்களில் விளம்பரம் செய்யும் போலி வைத்தியர்களிடம் ஊசி போட்டுக் கொண்டு புண்ணைப் பெரிதாக்கிக் கொள்ளவும் வேண்டா.

பரிசோதனைக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள். விரலால் பார்ப்பது ஒரு நிமிஷ வேலை. தேவையானால் சிறு குழாயாலோ, குடலினுள் செலுத்தும் கருவியாலோ மேலும் பார்ப்பார்கள். பெண்கள் பெண் வைத்தியரையோ, உடன் ஒரு தாதியையோ கேட்டுக் கொள்ளலாம்.

இனி, சொல்லும் முறை. மூலத்தைத் தெலுங்கர் மொலலு என்பர். மலையாளிகள் மூலக்குரு என்பர். இந்தி பேசுவோர் பவாசீர் என்பர். இச் சொற்களை அறிந்திருப்பது நன்று. ஆனால் இவற்றைக் கொண்டு பேச்சைத் தொடங்க வேண்டா. எப்போது தொடங்கியது? வலி மலம் கழிக்கும்போதா, பின்னரா? இரத்தம் தனியே சொட்டுகிறதா, மலத்தோடு கலந்து வருகிறதா? அதன் நிறம் என்ன? வழக்கம் மாறியதா? உடல் மெலிந்ததா? இவற்றுக்கு விடையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொள்ளுங்கள். மொழி வராவிடில், படித்த பிள்ளையையோ அண்டை வீட்டாரையோ கொண்டு அவ்வூர் மொழியில் எழுதுவித்து நீட்டுங்கள். வாய் கூசினாலும் காகிதம் கூசாது.

நோயின் குறியைச் சொல்லுவது நம் கடமை. அதற்குப் பெயரிடுவது வைத்தியரின் கடமை.